கொப்பளிப்பான் வந்த பிள்ளையை வீட்டில் பார்ப்பது: முதல் கொப்புளத்திலிருந்து கடைசிப் பொருக்கு வரை

எங்கள் வீட்டில் கொப்பளிப்பான், அதாவது சின்னம்மை, முதலில் மகனுக்கு வந்தது, நான்கு வயதில். சரியாகப் பதினைந்தாம் நாள் இரண்டு வயது மகளுக்கும் வந்தது. அதற்குப் பிறகு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியிலேயே மூன்று வீடுகளில் இளம் தாய்மார் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். மூவரும் முதல் கொப்புளத்தைக் கண்டதும் அரிப்புக்குப் பூசும் கலமைன் வாங்க ஓடியிருந்தார்கள். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதை யோசிக்கவேயில்லை. ஒரு வீட்டில் ஐந்து மாதக் கர்ப்பிணியான சித்திதான் பிள்ளையை மடியில் வைத்திருந்தார்.

கீழே உள்ளவற்றை இதே வரிசையில் செய்யுங்கள். ஒரு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடைப்பட்ட, வேறு நோய் இல்லாத பிள்ளைகளுக்காக எழுதியது இது. ஒரு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையென்றால் முதலில் டொக்டரிடம் காட்டிவிட்டு இதற்கு வாருங்கள்.

1. கொப்பளிப்பான்தானா என்று பாருங்கள்

சட்டையைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்துங்கள். பெரும்பாலும் நெஞ்சு, முதுகு, முகம், தலைமயிருக்குள் என்றுதான் தொடங்கும். முதலில் நுளம்பு கடித்ததுபோல ஒரு சிவந்த புள்ளி. சில மணி நேரத்தில் அதன் நடுவில் தெளிந்த நீர் கோத்து, சிவந்த தோலில் ஒரு துளி தண்ணீர் உட்கார்ந்திருப்பதுபோல நிற்கும். அப்புறம் கலங்கி, அமுங்கி, பொருக்காகும்.

புதிய புள்ளி, நீர்க்கொப்புளம், பொருக்கு மூன்றும் ஒரே நேரத்தில் உடம்பில் இருப்பதுதான் இதன் அடையாளம். மூன்று முதல் ஐந்து நாள் வரை புதிதுபுதிதாகப் போட்டுக்கொண்டே இருப்பதால் அப்படி. உள்ளங்கை, உள்ளங்கால், வாயில் மட்டும் கொப்புளம் இருந்தால் நேர்சரிகளில் அடிக்கடி பரவும் கை, கால், வாய் நோயாக இருக்கலாம். வியர்க்குருவில் இப்படி நீர் கோத்துப் பொருக்காகாது.

சந்தேகமாக இருந்தால் ஒரு நாள் பொறுங்கள். ஆனால் அந்த ஒரு நாளும் பிள்ளையை நேர்சரிக்கு அனுப்ப வேண்டாம், பக்கத்து வீட்டுக்கும் அனுப்ப வேண்டாம். கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே இது தொற்றும்.

2. வீட்டிலுள்ளவர்களை எண்ணுங்கள்

மருந்துக்கு முன் இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சுகதேகியான பிள்ளைக்கு இது பெரும்பாலும் ஒரு வாரத்துத் தொல்லை. வேறு சிலருக்கு உயிராபத்து. அவர்களைக் காப்பாற்றும் மருந்துகளுக்கு நாள் கணக்கு இருக்கிறது.

ஒரு தாள் எடுத்து, கடந்த இரண்டு மூன்று நாளில் பிள்ளையோடு ஒரே அறையில் இருந்தவர்களை எழுதுங்கள். அதில் இவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள்.

கர்ப்பிணி. சின்ன வயதில் கொப்பளிப்பான் வந்தது நிச்சயமாகத் தெரிந்தால் பெரும்பாலும் பயமில்லை. தெரியாது என்றால் அன்றே அவருடைய டொக்டருக்குப் போன் பண்ண வேண்டும். எதிர்ப்பு சக்தி இருக்கிறதா என்று இரத்தம் பார்த்து, இல்லையென்றால் அதற்குரிய ஊசியோ மாத்திரையோ தருவார்கள். ஊசியென்றால் தொற்றுப் பட்ட பத்து நாளுக்குள் போட வேண்டும். “கொப்புளம் வந்தால் பார்ப்போம்” என்று இருந்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தை. பிரசவத்தை ஒட்டிய நாட்களில் தாய்க்கே கொப்பளிப்பான் வந்தால் குழந்தைக்கு மிக ஆபத்து. ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

புற்றுநோய்ச் சிகிச்சை எடுப்பவர், சிறுநீரகம் மாற்றியவர், ஸ்டீரொயிட் மாத்திரை குடிப்பவர். இவர்களும் அன்றே தங்கள் டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

பிறகு, இதுவரை வராத பெரியவர்கள். பெரியவர்களுக்கு வந்தால் கடுமையாகத்தான் வரும், நியூமோனியா வரைக்கும் போகலாம். பிள்ளையைப் பார்க்கும் வேலையை ஏற்கெனவே வந்து போனவரிடம் கொடுங்கள். எங்கள் வீட்டில் அம்மம்மாவுக்கு ஏழு வயதில் வந்திருந்தது. அதனால் முதல் மூன்று நாளும் அவர்தான் பக்கத்தில் இருந்தார்.

இரண்டு அறை ஃப்ளட்டில் முழுமையாகத் தனிமைப்படுத்த முடியாது. இது காற்றிலும் பரவும். அதனால் ஒரே வீட்டில் இருக்கும் சகோதரங்களைப் பிரிக்க முயன்று களைத்துப்போக வேண்டாம். மேலே சொன்ன நான்கு வகையினரை மட்டும் வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்.

3. முதல் நாளே டொக்டரிடம் பேசுங்கள்

எல்லாப் பிள்ளைக்கும் வைரசுக்கு எதிரான அசிக்ளோவிர் தேவையில்லை. தேவைப்படும் பிள்ளைக்கு, கொப்புளம் தொடங்கி 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். எக்சிமா போன்ற தோல் வருத்தம், நீண்ட நாள் நுரையீரல் வருத்தம் உள்ள பிள்ளை, வீட்டில் இரண்டாவதாகப் பிடிபட்ட பிள்ளை என்றால் “அசிக்ளோவிர் வேண்டுமா?” என்று நீங்களே கேளுங்கள். வீட்டில் இரண்டாவதாக வரும் பிள்ளைக்குப் பெரும்பாலும் கூடுதலாகவே போடும். மகனைவிட மகளுக்குத்தான் எங்களுக்கும் அதிகம்.

சனல் பண்ணி, அதாவது தனியார் நிலையத்தில் டொக்டரைப் பதிவு செய்து, போவதாக இருந்தால், முன்கூட்டியே போனில் “கொப்பளிப்பான் பிள்ளை” என்று சொல்லுங்கள். சனல் சென்டரில் காத்திருக்கும் இடத்தில் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும்தான் நிறைய. சொன்னால் வெளியே இருக்கவைத்து நேரே உள்ளே கூப்பிடுவார்கள்.

ஆஸ்துமாவுக்குக் குடிக்கிற ஸ்டீரொயிட் மருந்தை அண்மையில் கொடுத்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

4. சாமான்களை ஒரே தடவையில் எடுத்து வையுங்கள்

இரவு இரண்டு மணிக்குத் திறந்திருக்கும் ஃபாமசி தேடி முச்சக்கரவண்டியில் அலைந்த அனுபவம் எனக்கு உண்டு. பகலிலேயே இவற்றை எடுத்து வையுங்கள்:

பரசிட்டமோல் சிரப், மில்லிலீட்டர் கோடு போட்ட சிரிஞ்ச், தேர்மோமீட்டர், கலமைன் லோஷன், பஞ்சு, நகவெட்டி, ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புக் கரைசல் தூள்) பைக்கற் இரண்டு மூன்று, பழைய மெல்லிய பருத்திச் சட்டைகள், நுளம்பு வலை. அப்புறம் ஒரு கொப்பியும் பேனையும். கொப்பியில் நேரம், காய்ச்சல், கொடுத்த மருந்து, சிறுநீர் போன தடவை நான்கையும் எழுதுங்கள். தூக்கமில்லாத மூன்றாம் நாள் யாருக்கும் எதுவும் ஞாபகம் இருக்காது.

வலை எதற்கு என்று கேட்பார்கள். டெங்கு நுளம்பு பகலில்தான் கடிக்கும். பகலில் தூங்கும் பிள்ளைக்கும் வலை வேண்டும். ஏற்கெனவே சொறிந்துகொண்டிருக்கும் தோலில் நுளம்புக்கடி வேறு தேவையில்லை.

5. காய்ச்சல் மருந்து: எடையைப் பார்த்து, நேரத்தை எழுதி

பரசிட்டமோல் மட்டும். பிள்ளையின் எடையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் ஒரு தடவைக்கு. குறைந்தது ஆறு மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்தில் நான்கு தடவைக்கு மேல் கூடாது. வயதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கிளினிக் கார்ட்டில் பழைய எடைதான் இருந்தால் மீண்டும் நிறுத்துப் பாருங்கள்.

சிரப் போத்தலில் எழுதியிருக்கும் அளவைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். 12 கிலோ பிள்ளைக்கு ஒரு தடவைக்கு 180 மில்லிகிராம். 5 மில்லிலீட்டரில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் அது 7.5 மில்லிலீட்டர். 5 மில்லிலீட்டரில் 250 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 3.6 மில்லிலீட்டர்தான். போத்தல் மாறியதைக் கவனிக்காமல் அதே 7.5 மில்லிலீட்டரைக் கொடுத்தால் இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும், ஈரலுக்குக் கேடு. சமையலறைக் கரண்டியும் இதே காரணத்தால் வேண்டாம்.

இன்னொரு பிழை: அம்மா சிரப் கொடுத்திருப்பார், வேலையால் வந்த அப்பா பின்பக்கம் வைக்கும் மருந்தை வைப்பார். இரண்டும் ஒரே பரசிட்டமோல்தான். அதனால்தான் அந்தக் கொப்பி.

இரண்டு மருந்து கூடவே கூடாது. ஒன்று அஸ்பிரின். வீட்டு அலுமாரியில் கிடக்கும் டிஸ்பிரினும் அதுதான். கொப்பளிப்பானோடு கொடுத்தால் மூளையையும் ஈரலையும் தாக்கும் ரே நோய் வரலாம். மற்றது ஐபியூப்ரொஃபன். கொப்பளிப்பானில் இதற்கும் ஆழமான தோல் தொற்றுக்கும் தொடர்பு கண்டிருக்கிறார்கள். கொழும்பில் இன்னொரு காரணமும் இருக்கிறது: காய்ச்சல் டெங்குவாக இருந்தால் இந்த இரண்டுமே இரத்தப்போக்கை உண்டாக்கலாம். ஒரு ஃபாமசியில் “பனடோலைவிடக் கெதியாகக் காய்ச்சல் இறங்கும்” என்று சொல்லி எனக்கு ஐபியூப்ரொஃபன் சிரப்பை நீட்டினார்கள். பெயரை வாசித்துத் திருப்பிக் கொடுத்தேன். நீங்களும் காசு கொடுக்க முன் வாசியுங்கள்.

காய்ச்சல் இல்லாமல், பிள்ளை விளையாடிக்கொண்டும் இருந்தால் மருந்தே வேண்டாம்.

6. மேல் கழுவ வையுங்கள், தினமும்

இதில்தான் வீட்டில் சண்டை வரும். “அம்மாள் வருத்தத்துக்குத் தண்ணி படக்கூடாது, வேப்பிலை போட்டுத் தண்ணி வார்க்கிற நாள்வரைக்கும் பொறு” என்று அப்பம்மா சொல்வார். அவர் அன்பில்தான் சொல்கிறார். ஆனால் கொழும்பு வெக்கையில் ஒரு வாரம் கழுவாத தோலில் வியர்வையும் அழுக்கும் சேர்ந்து அரிப்பு கூடும். சொறிந்த கொப்புளத்தில் கிருமியும் ஏறும்.

எங்கள் வீட்டு அப்பம்மாவிடம், அதாவது என் மாமியிடம், நான் இப்படிச் சொன்னேன்: “மாமி, தலைக்கு வார்க்கிறதை நீங்கள் சொல்கிற நாளிலேயே வைப்போம். அதுவரை மேலை மட்டும் இளஞ்சூட்டுத் தண்ணியில் கழுவி விடுறேன்.” அவர் ஒத்துக்கொண்டார். தலைக்குள் கொப்புளம் உடைந்து ஒட்டியிருந்தால் மட்டும் தலையையும் மெதுவாக அலசுங்கள்.

இளஞ்சூட்டுத் தண்ணீர், பத்து நிமிடம், வாசனை இல்லாத கொஞ்சம் சவர்க்காரம். தேய்க்க வேண்டாம். துவாயால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் கொப்புளம் உடையும், உடைந்த இடம்தான் பிறகு தழும்பாகும்.

வேப்பிலையை வாசலில் கட்டுவதில் எந்தக் கெடுதியும் இல்லை. உள்ளே தொற்றுநோய் இருக்கிறது என்று தொடர்மாடியில் எல்லோருக்கும் தெரிந்துவிடும், வருகிறவர்களும் தயங்குவார்கள். கூடாதது, அரைத்த வேப்பிலையையும் மஞ்சளையும் உடைந்த கொப்புளத்தில் அப்புவது. அரைத்தது சுத்தமாக இருக்காது. மஞ்சள் நிறம் அடியில் தோல் சிவந்து வருவதையும் மறைத்துவிடும்.

7. அரிப்பை முந்திக்கொள்ளுங்கள்

“கடிக்குது அம்மா” என்று பிள்ளை சொன்ன பிறகு செய்வதெல்லாம் பாதிப் பலன்தான். அரிப்பு மாலையில் கூடி இரவில் உச்சத்துக்குப் போகும். அதனால் மாலையிலிருந்தே தயாராக இருங்கள்.

நகத்தை முதல் நாளே வெட்டுங்கள், பிள்ளை தூங்கும்போது. வெட்டிய பின் நக ஓரத்தை உங்கள் கன்னத்தில் உரசிப் பாருங்கள். சுரண்டினால் அராவி விடுங்கள். இரண்டு நாளுக்கொரு தடவை திரும்பப் பார்க்க வேண்டும்.

மாலையில் மேல் கழுவி, ஒற்றி, தோல் காய்ந்ததும் கலமைன் போத்தலை நன்றாகக் குலுக்கி, பஞ்சில் எடுத்துத் தொட்டுத் தொட்டு வையுங்கள். கண்ணைச் சுற்றி, வாய்க்குள், உடைந்து நீர் வடியும் இடத்தில் வேண்டாம். மகளுக்கு இதை விளையாட்டாக்கினேன். அவள் கரடிப் பொம்மைக்கு ஒரு பொட்டு வைப்பாள், நான் அவளுக்கு ஒரு பொட்டு வைப்பேன். எல்லாம் வைத்து முடிய இருபது நிமிடம் போகும். அந்த இருபது நிமிடமும் கை சொறியப் போகாது.

மெல்லிய பருத்திச் சட்டை, திறந்த ஜன்னல், சுவர்ப் பக்கம் திருப்பிய மின்விசிறி. போர்வையால் மூடி “வியர்த்தால் இறங்கும்” என்று வைப்பது பிழை. சூடு கூடினால் அரிப்பும் கூடும். நப்பி கட்டும் பிள்ளையென்றால் முடிந்த நேரமெல்லாம் கழற்றி, ரப்பர் ஷீட்டில் படுக்கவிடுங்கள்.

இரவில் கைகளுக்குப் பருத்தி சொக்ஸ் போடலாம். “சொறியாதே” என்று திரும்பத் திரும்பச் சொல்வதில் பலன் குறைவு. “தட்டு” என்று சொல்லி, உள்ளங்கையால் மெதுவாகத் தட்டக் காட்டிக்கொடுங்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு அது புரியும்.

தூக்கமே இல்லையென்றால் அரிப்பைத் தணிக்கும் பிரிட்டோன் போன்ற மருந்தை டொக்டர் தரலாம். அளவை அவர்தான் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கு வாங்கியதில் பாதியை உடைத்துக் கொடுக்காதீர்கள். இதே வகை மருந்தான ஃபெனேகன் இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குக் கூடாது, மூச்சைக் குறைத்துவிடும். அரிப்புக்கென்று வீட்டில் இருக்கும் ஸ்டீரொயிட் கிறீமையும் பூச வேண்டாம்.

8. சாப்பாட்டைவிடத் தண்ணீர் முக்கியம்

வாய்க்குள்ளும் கொப்புளம் போடும். பிள்ளை சாப்பாட்டைத் தள்ளுவது பிடிவாதத்தால் என்று நினைக்காதீர்கள், டோர்ச் அடித்து வாயைப் பாருங்கள். புளி, காரம், தோடம்பழச்சாறு எரிக்கும். ஆறின கஞ்சி, குழைத்த சோறு, பாலில் ஊறிய பாண், குளிர்ந்த யோகட் இறங்கும். இடியப்பத்தைத் தேங்காய்ப்பாலில் ஊறவைத்துக் கொடுத்தால் என் மகன் சாப்பிட்டான்.

மீன், முட்டையை நிறுத்த வேண்டிய மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. வீட்டு நம்பிக்கைக்காக ஒரு வாரம் நிறுத்தினால் அதில் பெரிய நட்டமில்லை. பருப்பும் பாலும் கொடுங்கள். பத்தியம் என்று சொல்லி வெறும் கஞ்சித் தண்ணீரில் வைப்பதுதான் பிழை.

செவ்விளநீர், ஜீவனி, தண்ணீர் எதுவாயினும் சின்னச் சின்ன மிடறாக அடிக்கடி கொடுங்கள். எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லையென்றால் அது ஆபத்து அடையாளம். பெண்பிள்ளைகளுக்குக் கீழே கொப்புளம் போட்டால், எரிவுக்குப் பயந்து அடக்கிக்கொள்வார்கள். இளஞ்சூட்டுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போகச் சொல்லுங்கள். எரியாது.

9. ஒவ்வொரு காலையும் வெளிச்சத்தில் தோலைப் பாருங்கள்

எங்கள் பல்கனியில் காலை ஏழு மணி வெளிச்சம் நன்றாக விழும். அங்கே நிறுத்தி, தலை, முகம், கழுத்து, நெஞ்சு, முதுகு, கை, கீழ்ப்பகுதி, கால் என்று ஒரே வரிசையில் பார்ப்பேன். வரிசை மாறினால் முதுகைத்தான் விட்டுவிடுவோம்.

ஒவ்வொரு கொப்புளத்தைச் சுற்றியும் மெல்லிய சிவப்பு வளையம் இருப்பது வழமை. அந்தச் சிவப்பு அகலமாகி, சூடாகி, தடித்து, தொட்டால் நோகிறதா என்று பாருங்கள். சந்தேகமென்றால் பேனையால் சிவப்பின் விளிம்பில் கோடு போடுங்கள். சில மணி நேரத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டினால், காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரண்டு வயது மகளின் தொடையில் ஆறாம் நாள் அப்படிக் கோடு போட்டேன். மாலையில் ஒரு விரல் அகலம் தாண்டியிருந்தது. நேரத்தோடு போனதால் அன்டிபயோட்டிக்கோடு முடிந்தது.

10. எப்போது ஆஸ்பத்திரி

இவற்றில் ஒன்றிருந்தாலும் போங்கள்:

காய்ச்சல் விட்டு, பிறகு திரும்ப வருதல். இதை எல்லோரும் தவறவிடுகிறார்கள். “பழைய காய்ச்சல்தானே” என்று நினைக்கிறார்கள். விட்டுத் திரும்பும் காய்ச்சல் பெரும்பாலும் புதிய கிருமியின் அடையாளம்.

நான்கு நாளுக்கு மேல் விடாத காய்ச்சல். மூன்றாம் நாளும் கடுமையாக இருந்தால் டெங்குவும் சேர்ந்திருக்கிறதா என்று இரத்த எண்ணிக்கை பார்க்க டொக்டரிடம் கேளுங்கள். கொப்பளிப்பான் இருப்பதால் டெங்கு வராது என்றில்லை.

எழுப்பினாலும் தெளியாத மயக்கம், வலிப்பு, கழுத்து விறைப்பு, ஓயாத வாந்தி, வெளிச்சம் பார்க்க முடியாமை. குடித்தவர்போலத் தள்ளாடி நடத்தல். மூச்சு வாங்குதல். கொப்புளத்துக்குள் இரத்தம் கோத்தல், தோலில் ஊதாப் புள்ளிகள். கண்ணுக்குள் கொப்புளம், கண் சிவத்தல்.

பொறளை லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை எந்நேரமும் திறந்திருக்கும். கொண்டுபோக முடியாத நிலையென்றால் 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வாசலிலேயே “கொப்பளிப்பான்” என்று சொல்லுங்கள். அங்கே எதிர்ப்பு சக்தி குறைந்த பிள்ளைகள் பலர் இருப்பார்கள். கொப்பியையும் எடுத்துப் போங்கள்.

11. பொருக்கு, நேர்சரி, அடுத்த பிள்ளை

கடைசிக் கொப்புளமும் பொருக்கானால் தொற்றுவது நின்றுவிடும். கொப்புளம் தொடங்கி குறைந்தது ஐந்து நாளாகும், பலருக்கு ஒரு வாரம். தலைமயிருக்குள்ளும் பார்த்துவிட்டு அனுப்புங்கள். பொருக்கு எல்லாம் உதிரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நேர்சரிக்கும் ஸ்கூல் வான்காரருக்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அங்கேயும் ஒரு கர்ப்பிணி ஆசிரியை இருக்கலாம்.

பொருக்கைப் பிய்க்க விடாதீர்கள், தானாக விழட்டும். விழுந்த இடம் சில மாதம் கறுப்பாக நிற்கும், வெயில் பட்டால் இன்னும் கறுக்கும். அந்த நாட்களில் வெயிலில் போகும்போது மெல்லிய முழுக்கைச் சட்டை போடுங்கள்.

வராத சகோதரங்களுக்குத் தடுப்பூசி இருக்கிறது. தொற்றுப் பட்டு மூன்று முதல் ஐந்து நாளுக்குள் போட்டால் வராமலோ லேசாகவோ போகலாம். ஒரு வயதுக்கு மேல்தான் போடுவார்கள், இரண்டு தடவை. தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இது போடக்கூடாது.

போடவில்லையென்றால், மூத்த பிள்ளைக்குக் கொப்புளம் கண்ட நாளிலிருந்து எட்டாம் நாளையும் இருபத்தோராம் நாளையும் கலண்டரில் வட்டமிடுங்கள். அந்த இடைவெளியில் கர்ப்பிணி வீட்டு வளைகாப்புக்கும் கைக்குழந்தையைப் பார்க்கவும் இரண்டாவது பிள்ளையைக் கூட்டிப்போகாதீர்கள். சிரப், கலமைன், சிரிஞ்ச் எதையும் எறியவும் வேண்டாம். நாங்கள் எறிந்துவிட்டு, பதினைந்தாம் நாள் இரவு மகளின் முதுகில் முதல் துளியைக் கண்டதும் திரும்ப வாங்கப் போனோம்.